சென்னையில் இதழியல் கல்வியும் ஆசிய வட்டார ஆய்வும்

இதழியல் பயிற்சியையும், ஆசியாவின் ஏதேனும் ஒரு வட்டாரத்தின் மொழி, வரலாறு, அரசியல், பொருளியல் ஆகியவை பற்றிய முறையான ஆய்வையும் ஒருங்கே அளிக்கும் பட்டமேற்படிப்புகள் உலகின் சில பல்கலைக்கழகங்களில் உள்ளன. சென்னையில் இவ்விரு துறைகளும் நெடுங்காலமாக அருகருகே இயங்கி வருகின்றன. ஆயினும் இவை ஒரே பாடத்திட்டத்தில் இணைந்த சந்தர்ப்பங்கள் மிகச் சில. அவற்றுள் குறிப்பிடத்தக்கது 2000ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கிவரும் ஆசிய இதழியல் கல்லூரி ஆகும். இக்கட்டுரை அடையாறு, சேப்பாக்கம், தரமணி ஆகிய மூன்று இடங்களை மையமாகக் கொண்டு இக்கல்வியின் வரலாற்றையும் நிலையையும் விவரிக்கிறது.

சொற்பொருள்

வட்டார ஆய்வு என்பது ஒரு நிலப்பகுதியைப் பல துறைகளின் வழியாக ஒருசேர அறிய முயலும் கல்விமுறை ஆகும். வரலாற்றுத்துறை காலத்தையும் பொருளியல்துறை சந்தையையும் மட்டும் எடுத்துக்கொள்ள, வட்டார ஆய்வு தெற்காசியா, தென்கிழக்காசியா போன்ற ஒரு பரப்பை எடுத்துக்கொண்டு அதன் மொழியிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் இது பெருமளவில் வளர்ந்தது. 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இதற்கு அரசு நிதியை வழங்கியது. சட்டத்தின் பெயரே அதன் நோக்கத்தைக் காட்டுகிறது எனலாம். எனினும் தமிழ் உள்ளிட்ட பல ஆசிய மொழிகள் அமெரிக்க வகுப்பறைகளில் இடம்பெற இந்நிதியும் ஒரு காரணமாக அமைந்தது.

இதழியல் கல்வி இதனினும் முந்தியது. புலிட்சரின் நன்கொடையால் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி 1912இல் தொடங்கப்பட்டது. செய்தி சேகரித்தல், எழுதுதல், செப்பனிடுதல், சட்டம், அறம் ஆகியன இதன் அடிப்படைப் பாடங்கள். எதைப் பற்றி எழுதுவது என்பதைக் காட்டிலும் எவ்வாறு எழுதுவது என்பதே இக்கல்வியின் மையமாக இருந்து வந்துள்ளது. வட்டார ஆய்வோடு இணைப்பதற்கான தேவை இவ்விடத்தில்தான் எழுகிறது.

அடையாற்றுத் தொடக்கம்

இந்தியாவில் இதழியலை உயர்கல்விப் பாடமாகக் கற்பித்த முதல் முயற்சி அடையாற்றில் நிகழ்ந்ததாக இதழியல் வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. அன்னி பெசண்ட் அம்மையாரின் ஆதரவில் இயங்கிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1920 அளவில் இப்பாடம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் அவர் நடத்திய நியூ இந்தியா நாளிதழில் செய்முறைப் பயிற்சி பெற்றனர். இப்பல்கலைக்கழகத்தின் வேந்தராக இரவீந்திரநாத் தாகூர் இருந்தார். ஆங்கில அரசின் கல்வி அமைப்புக்கு வெளியே தேசியக் கல்வி இயக்கத்தின் பகுதியாக இது உருவானதால் இதன் பட்டங்களுக்கு அரசு வேலைவாய்ப்பில் மதிப்பு இருக்கவில்லை. இது நெடுங்காலம் நீடிக்கவும் இல்லை.

பயிற்சிக்களமாக அமைந்த நியூ இந்தியா சாதாரண நாளிதழ் அன்று. 1910ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி 1916இல் இவ்விதழிடம் 2,000 ரூபாய் பிணைத்தொகை கோரப்பட்டு, அதே ஆண்டில் அத்தொகை பறிமுதல் செய்யப்பட்டது. பின்னர் 10,000 ரூபாய் கோரப்பட்டது. 1917இல் பெசண்ட் காவலில் வைக்கப்பட்டார். எனவே அங்குப் பயின்றவர்களுக்கு இதழியல் சட்டம் வெறும் பாடநூல் செய்தியாக இருந்திருக்க இயலாது.

அதே பிரம்மஞான சபை வளாகத்தில் 1886இல் கர்னல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூலகம் இருந்தது. சமசுகிருதம் முதலிய ஆசிய மொழிகளின் ஓலைச்சுவடிகளும் அச்சு நூல்களும் அங்குத் திரட்டப்பட்டன. அக்காலத்துக் கீழைத்தேய ஆய்வு பெரும்பாலும் சமயம், தத்துவம் சார்ந்தது. இன்றைய பொருளில் அதனை வட்டார ஆய்வு என்று கூற இயலாது. எனினும் நாளிதழ்ப் பயிற்சியும் ஆசிய நூல்களும் ஒரே ஆற்றங்கரையில், ஒரே அமைப்பின் சூழலில் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

சேப்பாக்கம்: அருகருகே இரு துறைகள்

அடையாற்று முயற்சிக்குப் பின் அலிகார் முசுலிம் பல்கலைக்கழகத்தில் 1938இல் ஒரு சான்றிதழ்ப் படிப்பு தொடங்கி விரைவில் நின்றுபோனது. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் தொடங்கிய துறையே நிலைத்து நின்ற முதல் துறையாகும். இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இதழியலில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. பிரிவினையால் லாகூர் பாகித்தானுக்குச் சென்றுவிட்டதால், இன்றைய இந்திய எல்லைக்குள் தொடர்ந்து நடைபெறும் பல்கலைக்கழக இதழியல் கல்வியில் சென்னையே மூத்தது எனக் கருதப்படுகிறது. பின்னாளில் இது இதழியல் மற்றும் தொடர்பியல் துறையாக விரிவடைந்து முதுகலைப் பட்டம் வழங்கும் துறையாயிற்று.

ஆசிய ஆய்விலும் இப்பல்கலைக்கழகத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1929 முதல் இங்கு வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கே. ஏ. நீலகண்ட சாத்திரி சோழர்களின் கடல்கடந்த தொடர்புகளையும் சிறீவிசயப் பேரரசையும் ஆராய்ந்தவர். ஓய்வுக்குப் பின் யுனெசுக்கோ ஆதரவில் சென்னையில் அமைந்த தென்கிழக்காசியப் பண்பாடுகளுக்கான நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 1970களில் சேப்பாக்கம் வளாகத்தில் தென் மற்றும் தென்கிழக்காசிய ஆய்வு மையம் உருவானது. இதன் நிறுவன இயக்குநர் பேராசிரியர் வி. சூரியநாராயண். இலங்கை, மியன்மர், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் அரசியலும் அங்குள்ள இந்திய வம்சாவளியினரின் நிலையும் இம்மையத்தின் முதன்மை ஆய்வுப் பொருள்களாக இருந்தன. கச்சதீவு பற்றியும் பாக்கு நீரிணைப் பகுதி மீனவர் சிக்கல் பற்றியும் சூரியநாராயண் எழுதிய நூல் 1994இல் வெளிவந்தது.

ஆக, ஒரே வளாகத்தில் செய்தி எழுதக் கற்பிக்கும் துறையும் அண்டை நாடுகளைக் கற்பிக்கும் துறையும் இருந்தன. இரண்டையும் இணைத்த பொதுப் பட்டம் ஒன்று நிலைபெறவில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் துறைகள் தனித்தனித் தீவுகளாக அமைவது புதிதன்று என்றாலும், சென்னையைப் பொறுத்தவரை இதன் விளைவு பிற நகரங்களைவிடச் சற்றுக் கூடுதலானது. காரணம் அடுத்த பிரிவில் விளக்கப்படுகிறது.

உள்ளூர்ச் செய்தியாக வந்த அயல்நாட்டுச் செய்தி

1982 மே 19 அன்று தியாகராய நகர் பாண்டி பசாரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. நகரக் குற்றச்செய்தி எழுதும் நிருபருக்கு அது முதலில் ஒரு தெருச்சண்டை. கைது செய்யப்பட்டவர் வேலுப்பிள்ளை பிரபாகரன். எதிர்த்தரப்பில் இருந்தவர் உமா மகேசுவரன். இருவரும் யார், எந்த இயக்கப் பிளவின் தொடர்ச்சியாகச் சுட்டுக்கொண்டனர் என்பதை அறிய யாழ்ப்பாணத்தின் பத்தாண்டுக்கால அரசியல் தெரிந்திருக்க வேண்டும். 1990 சூன் 19 அன்று கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் அவருடன் இருந்தோரும் கொல்லப்பட்டபோதும் இதே நிலைதான். தில்லியிலோ மும்பையிலோ வெளிநாட்டுப் பக்கத்துக்குச் செல்லும் செய்தி, சென்னையில் காவல்நிலையச் செய்தியாக வந்து சேர்ந்தது.

அகதிகள் பற்றிய செய்திகள் மற்றோர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'இலங்கை அகதிகள்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவோர் உண்மையில் வெவ்வேறு வரலாறு உடையவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி ஒப்பந்தம் மலையகத்தில் வாழ்ந்த 9,75,000 நாடற்ற மக்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முற்பட்டது. அதன்படி 5,25,000 பேருக்கு இந்தியாவும் 3,00,000 பேருக்கு இலங்கையும் குடியுரிமை வழங்குவதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். அம்மக்களின் கருத்து எந்நிலையிலும் கேட்கப்படவில்லை. இவ்வொப்பந்தப்படி வந்து நீலகிரியின் டான்டீ தோட்டங்கள் முதலிய இடங்களில் குடியேறியோர் தாயகம் திரும்பியோர் ஆவர். இவர்கள் சட்டப்படி இந்தியக் குடிமக்கள், அகதிகள் அல்லர்.

1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் படகுகளில் வந்தோர் அகதிகள். அவர்களுள்ளும் ஒரு பகுதியினர் மலையக வம்சாவளியினர். முன்னரே வடக்குப் பகுதிக்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்து மீண்டும் இடம்பெயர்ந்தவர்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே குறிப்பிட்டது. அப்போது இம்முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கை மீண்டும் பேசப்பட்டது. மேற்கண்ட வேறுபாட்டை அறியாத செய்தியாளரால் அக்கோரிக்கையின் சட்ட அடிப்படையை விளக்க இயலாது. 2021இல் தமிழ்நாடு அரசு இம்முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறியதால் அங்குள்ளோரின் சட்டநிலை மாறிவிடவில்லை.

மீனவர் சிக்கலும் இவ்வாறானதே. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் கடல் எல்லை ஒப்பந்தங்கள், இழுவை மடிப் படகுகளின் பெருக்கம், போர்க்காலத்தில் வடஇலங்கை மீனவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள், 2017இல் இலங்கை கொண்டுவந்த இழுவை மடித் தடைச் சட்டம் ஆகிய யாவும் இதில் அடங்கும். எல்லைக்கு அப்பால் வலை இழப்போரும் தமிழ் பேசும் மீனவரே. கைது செய்தியை மட்டும் படிக்கும் வாசகருக்கு இது தெரிய வாய்ப்பு குறைவு.

ஆசிய இதழியல் கல்லூரி

ஆசிய இதழியல் கல்லூரி 1994இல் பெங்களூரில் இந்தியன் எக்சுபிரசு குழுமத்தின் சார்பில் தொடங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஊடக வளர்ச்சி அறக்கட்டளை என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. ஏசியாநெட் தொலைக்காட்சியை நிறுவிய சசி குமார் இதன் தலைவர். தி இந்து நாளிதழின் முன்னாள் முதன்மை ஆசிரியர் என். ராம், பொருளியலாளர் சி. பி. சந்திரசேகர் ஆகியோர் அறக்கட்டளையுடன் தொடர்புடையவர்கள். தற்போது இக்கல்லூரி அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில், எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அருகில் அமைந்துள்ளது.

பாடத்திட்டத்தை வடிவமைக்க உதவியவர்களுள் லாரன்சு பிங்காம் முக்கியமானவர். கொலம்பியா, மாசச்சூசெட்சு பல்கலைக்கழகங்களில் கற்பித்த இவர் பெய்சிங்கிலும் இதழியல் கற்பித்தவர். கொலம்பியாவில் பயின்றவரான என். ராம் வழியாக இக்கல்லூரிக்கு அமெரிக்க இதழியல் பள்ளிகளின் முறை வந்து சேர்ந்தது எனலாம். பிங்காமின் பெயரில் நினைவுச் சொற்பொழிவு நடத்தப்படுகிறது. மாணவர்கள் 'தி வேர்டு' என்னும் பயிற்சி இதழைத் தாமே எழுதி, செப்பனிட்டு, பக்கம் அமைத்து வெளியிடுகின்றனர்.

ஓராண்டுக்குள் முடியும் இப்பட்டமேற்படிப்புப் பட்டயத்தில் வட்டார ஆய்வு என்ற பெயரில் தனிப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் சமூக அறிவியல் பாடங்களுக்குத் தரப்படும் இடத்தாலும் மாணவர் சேர்க்கையாலும் வட்டார ஆய்வின் தன்மை ஓரளவு உள்ளே வருகிறது. இலங்கை, நேபாளம், வங்காளதேசம் முதலிய அண்டை நாடுகளின் மாணவர்கள் உதவித்தொகையுடன் இங்குப் பயின்றுள்ளனர். காட்மாண்டிலிருந்து வந்தவரும் கொழும்பிலிருந்து வந்தவரும் ஒரே செய்தி மேசையில் அமர்ந்து இந்திய நாளிதழ் தம் நாட்டைப் பற்றி எழுதியதைச் செப்பனிடும்போது, எந்தச் சொல் எங்கே இடறுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். நூலில் படித்து அறிவது கடினம்.

'வறுமையை எழுதுதல்' எனத் தமிழில் கூறத்தக்க கட்டாயப் பாடம் இக்கல்லூரியின் தனித்தன்மை ஆகும். ஊரகச் செய்தியாளர் பி. சாய்நாத் இதனைக் கற்பித்தவர்களுள் ஒருவர். மாணவர்கள் ஊரகப் பகுதிகளுக்குச் சென்று தங்கிச் செய்தி சேகரிக்கின்றனர். களத்தில் தங்கி, மக்களின் மொழியில் கேட்டு, பின்னர் எழுதும் இம்முறை வட்டார ஆய்வாளரின் முறைக்கு நெருங்கியது.

தலித், பழங்குடி மாணவர்களுக்கு முழு உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. இதன் பின்னணியில் ஒரு வரலாறு உண்டு. 1996இல் பி. என். உனியால் என்னும் செய்தியாளர் பயனியர் நாளிதழில் எழுதிய கட்டுரையில், தில்லியில் தேடியும் ஒரு தலித் செய்தியாளரைக் கூடக் காண இயலவில்லை எனப் பதிவு செய்தார். இந்திய மொழி நாளிதழ்களின் வளர்ச்சியை ஆராய்ந்த ராபின் செப்ரி 2000ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் இதனை எடுத்தாண்டார். செப்ரி தெற்காசிய ஆய்வாளர். செய்தி அறையில் யார் இல்லை என்பதை உலகறியச் செய்ததில் வட்டார ஆய்வுக்கும் பங்குண்டு.

தரமணிச் சூழல்

தரமணியின் ஆய்வு நிறுவனங்கள் பலவும் நடந்தோ ஒரு தானியில் ஏறியோ செல்லும் தொலைவில் உள்ளன. தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கும் ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவற்றுள் ஒன்று. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த தொகுப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே வைத்து 1994இல் நூலகமாக்கியது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் தரமணியில் உள்ளது. அடையாறு காந்தி நகரில் மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. பழைய நாளிதழ் வேண்டுமெனில் ஓரிடம், மாவட்டப் புள்ளிவிவரம் வேண்டுமெனில் மற்றோரிடம். வட்டார ஆய்வுப் பட்டம் ஒன்றுக்குத் தேவையான நூலகங்கள் ஏற்கனவே கட்டி முடிக்கப்பட்டுள்ளன. இல்லாதது அவற்றை இணைக்கும் பாடத்திட்டமே.

தமிழ்ச் செய்தித்துறை பற்றிய அண்மைய ஆழமான கல்விசார் நூல்களுள் ஒன்றை எழுதியவர் தொராண்டோ பல்கலைக்கழக மானிடவியலாளர் பிரான்சிசு கோடி. 2023இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அந்நூல் ஆங்கிலத்தில் உள்ளது.

பிற நாடுகளில்

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலையையும் ஆசியவியல் முதுகலையையும் ஒருங்கே பயிலும் இணைப் பட்டம் வழங்கப்பட்டு வந்துள்ளது. மாணவர் இரு துறைகளிலும் தனித்தனியே சேர்க்கை பெற வேண்டும், ஓர் ஆசிய மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். இரண்டையும் தனித்தனியே படிப்பதைவிடக் குறைந்த காலத்தில் இரு பட்டங்களும் கிடைக்கும். 1996 முதல் பத்தாண்டுகள் அங்கு இதழியல் பள்ளியின் தலைவராக இருந்த ஆர்வில் செல் சீனாவைப் பற்றி எழுதி அறியப்பட்டவர். அதே பல்கலைக்கழகத்தில் சியார்ச்சு கார்ட்டு நெடுங்காலம் தமிழ் கற்பித்தார். தமிழும் இதழியலும் ஒரே வளாகத்தில் முறையாகப் பயிலும் வசதி பசிபிக் கரையில் எளிதாகவும் வங்கக் கரையில் அரிதாகவும் இருந்தது சற்று விந்தையானதே.

மணிலாவின் அத்தினியோ பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆசிய இதழியல் மையம், பணியில் உள்ள செய்தியாளர்களுக்கு இணையவழியும் நேரிலும் முதுகலைக் கல்வி அளிக்கிறது. தில்லியின் இந்திய மக்கள் தொடர்பியல் கழகம் வளரும் நாடுகளின் செய்தியாளர்களுக்கு நெடுங்காலமாகப் பட்டயப் படிப்பு நடத்தி வந்துள்ளது. கொழும்பில் 2004இல் தொடங்கப்பட்ட இலங்கை இதழியல் கல்லூரி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் கற்பிக்கிறது. இவற்றுள் தமிழரை நேரடியாகத் தொடுவது கடைசியாகக் கூறப்பட்டதே.

மொழியும் அங்கீகாரமும்

ஆசிய இதழியல் கல்லூரியின் பயிற்றுமொழி ஆங்கிலம். கட்டணம் இலட்சக்கணக்கில் அமைகிறது. இது வழங்குவது பல்கலைக்கழகப் பட்டம் அன்று, தன்னாட்சி நிறுவனம் ஒன்றின் பட்டயம். அதனால் பாடத்திட்டத்தை விரைந்து மாற்றும் உரிமை கல்லூரிக்கு உண்டு. அதே காரணத்தால் பட்டயம் பெற்றவர் அதனை முதுகலையாகக் கொண்டு இந்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வுக்குச் செல்ல இயலாது. ஆங்கில ஊடகங்களில் வேலை கிடைப்பதற்கு இக்குறை தடையாக இருந்ததில்லை. ஆய்வுப் பக்கம் திரும்ப விரும்புவோருக்கே இது கதவை அடைக்கிறது. வட்டார ஆய்வுடன் முழுமையாக இணைவதற்கும் இதுவே ஒரு தடையாகும்.

தமிழ் இதழ்களில் பணிபுரிவோர் பெரும்பாலும் வேறு வழிகளில் வருகின்றனர். கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் விகடன் குழுமத்தின் மாணவர் பத்திரிகையாளர் திட்டம் இவற்றுள் புகழ்பெற்றது. பல முன்னணித் தமிழ்ச் செய்தியாளர்கள் இதன்வழி உருவானவர்கள். தமிழ்த்துறைகள் பலவற்றில் இதழியல் ஒரு தாளாக இடம்பெறுகிறது. இவ்வழிகளில் எழுத்துப் பயிற்சி உண்டு. அண்டை நாடுகளின் வரலாறு, சட்டம், சிங்களம் அல்லது மலாய் போன்ற மொழி ஆகியவற்றுக்கு இடமில்லை. சிங்கள நாளிதழைப் படித்து நேரடியாகத் தமிழில் எழுதக்கூடிய செய்தியாளர் சென்னையில் அரிது. கொழும்பில் சிங்களத்தில் வெளியானது ஆங்கிலமாகி, பின்னர் தமிழாகி வந்தடைகிறது.

சேப்பாக்கம் வளாகத்தில் இரு துறைகளின் பாடங்களையும் மாணவர் விருப்பப்பாடமாக மாற்றி எடுக்க, விருப்பத்தேர்வு மதிப்பெண் முறை வழிவகுக்கிறது. இதழியல் மாணவர் ஒருவர் தென்கிழக்காசிய வரலாற்றைத் தாளாக எடுப்பதற்குப் புதிய துறையோ கட்டடமோ தேவையில்லை. இரு துறைகளின் கால அட்டவணைகள் மோதாமல் இருந்தால் போதும்.